செல்லம்மா வீடு – 4

அன்றைக்கு வட்டாரச் சங்கக் கூட்டத்தில் இருந்தவர்கள்:

வட்டாரத் தலைவர் தேவசகாயம் ஐயர். எங்கள் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.

பெரிய ஐயர். அந்த வருஷத்தோடு ஓய்வு பெற இருந்தவர்.

செயலாளர் அருள்தாஸ் வாத்தியார். ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டர்.

திண்டிவனம் சபையிலிருந்து மூன்று பேர்.

வானூர் சபையிலிருந்து இரண்டு பேர்.

பெருமுக்கல் பக்கத்துச் சபையிலிருந்து இரண்டு பேர்.

மரக்காணம் உப்பளத்துச் சபையிலிருந்து மூப்பர் யோசேப்பு.

நான். உப்பளத்துச் சபையின் உபதேசியார். எனக்கு ஓட்டு கிடையாது. பேர்ப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதனால் போனேன்.

வெளியே வேப்பமரத்தடியில் பதினோரு பெண்கள். எல்லோரும் உப்பளத்து ஆட்கள். அதில் ஒருத்தி செல்லம்மா. ஒருத்தி என் மனைவி ராகேல். இவர்களை மினிட்டில் எழுதவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். வட்டார ஆபீஸில் பழைய புத்தகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். "ஐயா, உங்க சபை நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் 'செல்லம்மா வீடு – 4', 'தவமணி வீடு – 3'ன்னு இருக்குதுங்க. இது பேரா, வீட்டு நம்பரா? கம்ப்யூட்டர் எடுத்துக்க மாட்டேங்குது."

வீட்டு நம்பர் இல்லை என்றேன்.

"அப்ப இன்னாங்க அது?"

போனில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். என் அப்பா உப்பு வாரினவர். நானும் நாலு வருஷம் வாரினேன். அப்புறம் சபையில் கூப்பிட்டார்கள். ஒன்பது மாதம் பயிற்சி. ஜெபம் பண்ணவும், பாட்டு எடுக்கவும், எழுதிக் கொடுத்த பிரசங்கத்தை வாசிக்கவும், இறந்தவர்களை அடக்கம் பண்ணவும் சொல்லிக் கொடுத்தார்கள். பேர் எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் சபைக்கு ஐயர் தங்குவதில்லை. ஞாயிறு ஆராதனையை நான் நடத்துவேன். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பெரிய ஐயர் வந்து திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும், கொடுப்பார். திருவிருந்து எடுக்கிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். இது பழைய வழக்கம். எத்தனை பேருக்கு அப்பம் வேண்டும் என்று தெரியும். அதைவிட முக்கியம், சண்டையில் இருப்பவர்கள் யார் என்று தெரியும். பேசாமல் இருக்கும் இரண்டு பேர் பேர் கொடுத்தால், முதலில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். பேசிய பிறகுதான் பேரை எழுத வேண்டும். ஒரு முறை நாத்தனாரும் அண்ணியும் என் முன்னாலேயே பேசினார்கள். "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான். எழுதிக்கொண்டேன்.

மற்ற ஊர்களில் ஜனங்கள் கோயிலுக்கு வந்து பேர் கொடுப்பார்கள். உப்பளத்தில் அது நடக்காது. தை பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் வேலை. சனி, ஞாயிறு கிடையாது. உப்பு பூத்துவிட்டால் வாரித்தான் ஆக வேண்டும். ஒரு மழை பெய்தால் போச்சு. அதனால் நான் பேர்ப் புத்தகமான நோட்டை எடுத்துக்கொண்டு அளத்துக்கே போவேன். காலை எட்டு மணிக்கே கண் கூசும். ஆண்கள் பாத்தியில் பலகை போட்டு உப்பை இழுப்பார்கள். பெண்கள் அன்னக்கூடையில் தூக்கி மேட்டில் கொட்டுவார்கள். வரப்பு ஒரு அடி அகலம். கூடையோடு வருகிறவளை நிறுத்தினால் பின்னால் வரும் பத்து பேரும் நிற்க வேண்டும்.

செல்லம்மா தூரத்திலிருந்தே கத்துவாள்.

"உபதேசியாரே, எங்க வூட்ல நாலு!"

"யார் யாரு?"

"தலையில உப்பு இருக்குது. நின்னு ஜாதகமா சொல்ல முடியும்? நாலுன்னு போட்டுக்கோங்க. நாளைக்கு நாலு வாய் வரும்."

பின்னால் வருகிறவள் சொல்லுவாள். "அவ வாய் ஒண்ணே நாலுக்குச் சமம். ஒண்ணுன்னு போடுங்க."

எல்லோரும் கூடையோடு சிரிப்பார்கள். நான் எழுதிக்கொள்வேன். செல்லம்மா வீடு – 4. தவமணி வீடு – 3. வியர்வையில் பேனா வழுக்கும். காகிதத்தில் உப்புக் கை பட்டால் மை ஊறும். சின்னதாக எழுதுவதுதான் சௌகரியம்.

முதல் மாதம் பெரிய ஐயர் நோட்டைப் பார்த்தார். "வீடு வீடா வருதா? நல்லது" என்றார். அவர் அப்படித்தான். எதையும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஆண்களில் சிலர் நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். தங்கள் பேர் இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர்கள் பேரை எழுதினேன். யார் கேட்டார்களோ அவர்கள் பேர் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலை இல்லை. எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். அப்போதாவது வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேர் பேராக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கை பழகிவிட்டது.

மாதக் கடைசியில் வட்டார ஆபீஸுக்கு ஒரு ஃபாரம் அனுப்புவேன். அதில் மொத்தம் மட்டும் கேட்டிருந்தார்கள். 58, 61, 55. கூட்டல் சரியாக இருக்கும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

தேவசகாயம் ஐயர் வட்டாரத் தலைவராக வந்தது பிற்பாடு. ஒல்லியான ஆள். டி.வி.எஸ். வண்டியில் வருவார். சட்டைப் பையில் ஒரு அடி ஸ்கேலை இரண்டாக மடித்து வைத்திருப்பார். எதைப் படித்தாலும் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துத்தான் படிப்பார். ஒரு வரி முடிந்தால் ஒரு வரி கீழே இறக்குவார். புத்தகம் திறந்திருக்கும்போது டீ குடிக்க மாட்டார். முன்னால் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். மூடி வைத்த பிறகு அதை அப்படியே குடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது நீளமாகப் பேசினால், "எழுதியிருக்கறதைப் படிங்க" என்பார். அவ்வளவுதான். அவர் வருகிறார் என்றால் எனக்குப் பயம்.

ஆனால் அவரால் ஒரு நல்லது நடந்ததை நான் பார்த்தேன்.

செல்லம்மாவின் புருஷன் தாவீது அளத்திலேயே மயங்கி விழுந்து இறந்தான். பல வருஷமாகக் கோயிலுக்கு வராதவன். குடிப்பான். கல்லறைத் தோட்டம் வட்டாரத்துக்குச் சொந்தம். அதைப் பார்த்துக்கொண்ட கமிட்டி ஆள் குழி வெட்ட விடவில்லை. "சபைக்கு வராதவனுக்கு இன்னா இடம்? நாளைக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் வந்து கேப்பான்" என்றான். காலையில் இறந்தவன் மத்தியானம் வரை கிடந்தான். சித்திரை மாத வெயில். நான் வட்டார ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினேன்.

தேவசகாயம் ஐயர் திண்டிவனத்திலிருந்து வண்டியில் வந்தார். பின்னால் ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் ஞானஸ்நான ரிஜிஸ்டர், மூன்று புத்தகம். நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கேலை வைத்தார். முதல் பக்கத்திலிருந்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். செல்லம்மா அழுகையை நிறுத்திவிட்டு அந்த ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது புத்தகத்தில் ஸ்கேல் நின்றது. ஐயர் எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். பேர், தகப்பன் பேர், தாய் பேர், ஞானஸ்நானம் கொடுத்த ஐயரின் கையெழுத்து.

கமிட்டி ஆளிடம் சொன்னார். "இருக்குது. வெட்டுங்க."

அதற்கப்புறம் செல்லம்மா அவரைப் பற்றி யார் குறை சொன்னாலும் விட மாட்டாள். "அந்த மனுஷன் நோட்டைப் பாத்துதான் எம் புருஷனை மண்ணுல வெச்சாரு. எனக்கும் அங்க பக்கத்துல இடம் இருக்குது" என்பாள்.

பெரிய ஐயர் ஓய்வு பெறும் வருஷம் சுற்றறிக்கை வந்தது. அவருக்குப் பதிலாக ஆள் இல்லை. இருக்கிற ஐயர்மார் போதாது. அதனால் சிறிய சபைகளைப் பெரிய சபையோடு சேர்க்கப் போகிறார்கள். ஐம்பது பேருக்குக் குறைந்த சபை கிளை ஆகிவிடும். அதற்கு மூப்பர் கிடையாது, சங்கத்தில் ஓட்டு கிடையாது, ஞாயிறு ஆராதனை கிடையாது. பெருமுக்கல் பக்கத்துச் சபைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பத்து மணிவரை உப்பு வாரிவிட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆராதனை முடிந்திருக்கும்.

யோசேப்பு மூப்பர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நம்மளுக்கு இன்னாப்பா பயம்? அறுபது தலை இருக்குது."

அடுத்த பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. கடந்த ஒரு வருஷத்தில் மூன்று முறையாவது பேர்ப் புத்தகத்தில் பேர் உள்ளவர்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். புத்தகத்தைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். பேர் என்று இருந்தது முப்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன். முப்பத்து மூன்றுதான். மற்றதெல்லாம் வீடு.

ராகேல் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து, "இன்னா?" என்றாள். சொன்னேன்.

"எம்பேரு எங்க இருக்குது? காட்டுங்க."

காட்டினேன். உபதேசியார் வீடு – 2.

கையைக் கழுவிவிட்டு வந்து கிட்டத்தில் பார்த்தாள். அவள் ஐந்தாவது படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதுவா எம்பேரு?"

தலையை ஆட்டினேன்.

"எத்தினி வருஷமா?"

"ஆரம்பத்துலருந்து."

"எம்பேரு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

திரும்பப் போய் மீனை எடுத்தாள்.

மறுநாள் யோசேப்பு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் குரலை இறக்கினார்.

"ஏம்பா, ஒண்ணும் ஆகலை. வீடுன்னு இருக்கற எடத்துல பக்கத்துல பொடியா பேரைப் போடு. எடம் இருக்குது. பேனா அதே பேனா."

"செல்லம்மா வூட்ல திடப்படுத்தல் ஆகித் திருவிருந்து எடுக்கறவங்க ஆறு பேரு. எந்த நாலைப் போடறது?"

"எந்த நாலையாவது போடேன். யாருப்பா கேக்கப் போறாங்க?"

"தேவசகாயம் ஐயர் கேப்பாரு."

"கேட்டா இவங்கதான்னு சொல்லு. அறுபது பேருக்காக ஒரு வார்த்தை உன் வாயில வராதா? கோயில் பூட்டிக் கெடந்தா அப்பறம் நீ யாருக்கு உபதேசியாரு?"

இரண்டு நாள் நோட்டையும் பேனாவையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு பேரில் இரண்டு பேர் அளத்தில் நின்றுவிடுவார்கள். ஒரு மாதம் மகன்கள் நிற்பார்கள். ஒரு மாதம் மருமகள். செல்லம்மா எப்போதும் வருவாள். அது எனக்குத் தெரியும். மற்ற மூன்று பேர் யார் என்று எந்த மாதத்துக்கும் எனக்குத் தெரியாது. தவமணி வீட்டிலும் அப்படித்தான். கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. நான் யோக்கியன் என்பதற்காக இல்லை. அந்த ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கும்போது, ஒரு வரிக்குப் பொய் சொன்னால் எல்லா வரிக்கும் சொல்ல வேண்டும். அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

கூட்டம் திண்டிவனத்தில். தேவசகாயம் ஐயர் நோட்டைத் திறந்தார். ஸ்கேலை வைத்தார். என்னை நிற்கச் சொன்னார்.

"செல்லம்மா வீடு, நாலு. இந்த நாலு பேர் யாருங்க உபதேசியாரே?"

"அந்த வூட்ல ஆறு பேருங்க ஐயா. அதுல நாலு."

"எந்த நாலு?"

"மாசத்துக்கு மாசம் மாறும்ங்க."

"இந்த மாசம்?"

"தெரியலைங்க."

பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் கீழே இறங்கியது.

"தவமணி வீடு, மூணு."

"தெரியலைங்க."

பன்னிரண்டு மாதம். எல்லா மாதத்தையும் கேட்டார். ஒரு வரியைக்கூட விடவில்லை. ஒரு முறை கூடக் கோபப்படவில்லை. ஃபேன் சுற்றும் சத்தமும் என் பதிலும்தான். யோசேப்பு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உபதேசியார் வீடு – 2 வந்தபோது ஐயர் கொஞ்சம் நிறுத்தினார்.

"இது?"

"நானும் என் சம்சாரமும்ங்க."

"அவங்க பேரு?"

"ராகேலுங்க."

"இதை எழுதிக்கலாம். உங்களுக்கு உறுதியாத் தெரியுது. உங்க பேரோட சேத்து முப்பத்தஞ்சு." பென்சிலில் இரண்டு பேரையும் எழுதினார்.

என் வீட்டுக்கு மட்டும் பேர் கிடைத்தது. செல்லம்மா எப்போதும் வருவாள் என்று தெரிந்தும், அதைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் செல்லம்மா வாசலுக்கு வந்தாள். உள்ளே காலை வைக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயரே, அந்த நாலுல நான் ஒருத்தி. மாசம் தவறாம வந்திருக்கேன். அப்பம் குடுத்த பெரிய ஐயரு இதோ ஒக்காந்திருக்காரு. கேளுங்க."

எல்லோரும் பெரிய ஐயரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகச் சொன்னார். "வருவாங்க. பேர் எனக்குத் தெரியாது. கை தெரியும். எல்லாம் வெடிச்ச கை."

"அப்ப எழுதுங்க" என்றாள் செல்லம்மா.

அருள்தாஸ் வாத்தியார் எழுந்தார். "தலைவர் மன்னிக்கணும். பட்டியல்ல பேர் இருக்கறவங்கதான் சங்கத்துல சாட்சி சொல்லலாம். இந்தம்மா பேரு பட்டியல்ல இல்லை. இவங்க சொல்றதை மினிட்ல ஏத்த முடியாதுங்க."

"எம்பேரு இல்லைன்னு சொல்லத்தான் சார் நான் வந்ததே. பேரு இருந்திருந்தா நான் ஏன் ஒரு நாள் வேலையை வுட்டுட்டு வர்றேன்?"

வானூர்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். ஐயர் சிரிக்கவில்லை. சபைச் சட்டப் புத்தகத்தைத் திறந்து ஸ்கேல் வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"வாத்தியார் சொல்றது சரிம்மா. எழுதியிருக்குது."

செல்லம்மா அவரையே பார்த்தாள். புருஷன் அடக்கத்தின்போது அந்த ஸ்கேலைப் பார்த்த மாதிரியே. பிறகு மரத்தடிக்குப் போய்விட்டாள்.

யோசேப்பு ஒரு வருஷம் அவகாசம் கேட்டார். "இனிமே பேர் பேரா எழுதுவாருங்க. ஒரே ஒரு வருஷம் பாருங்க." திண்டிவனத்துக்காரர் ஒருவர் சொன்னார். "பாவமாத்தான் இருக்குது. ஆனா எங்க பக்கம் ரெண்டு சபையை இதே ரூல்ல சேத்தாச்சு. அவங்களுக்கு யாரு அவகாசம் குடுத்தா?" அதிலும் நியாயம் இருந்தது. கை தூக்கச் சொன்னார்கள். அவகாசம் தரலாம் என்று தூக்கியவர்கள் யோசேப்பு, பெரிய ஐயர், சிரித்த வானூர்க்காரர். மூன்று. வேண்டாம் என்று ஆறு. ஒருவர் இரண்டு பக்கமும் தூக்கவில்லை. தலைவர் ஓட்டுப் போடுவதில்லை.

தேவசகாயம் ஐயர் தீர்மானத்தைப் படித்துக் காட்டினார். புத்தகத்தை மூடினார். ஆடை கட்டின டீயைக் குடித்தார்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே பஸ். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து செல்லம்மாவின் குரல் வந்தது. "கண்டக்டரே, எனக்குத் தனியா டிக்கெட் வேணாம். வூடு ஒண்ணுன்னு போட்டுக்கோ. இங்க எல்லாம் அப்படித்தான்."

பெண்கள் சிரித்தார்கள். ராகேலும் சிரித்தது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈ.சி.ஆர். ரோட்டில் பொம்மையார்பாளையம் பக்கம் தனியாகச் சபை நடத்தும் ஒரு பாஸ்டர் வந்தார். எங்கள் காலனிக்குப் பக்கத்திலேயே தகர ஷெட் போட்டுத் தருகிறேன், ஞாயிறு மத்தியானம் ஆராதனை வைக்கிறேன் என்றார். யாரும் அவர் பேச்சில் மயங்கிப் போகவில்லை. அவருடைய உபதேசம் வேறு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஷெட் நடக்கிற தூரத்தில் இருக்கும். மூன்று வாரத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஒன்றுதான் பிரச்சினை. கல்லறைத் தோட்டம். விலகிப் போகிறவர்கள் விடுகைச் சீட்டு வாங்கிக்கொண்டு முறையாகப் போனால், தங்கள் ஆட்கள் கிடக்கும் இடத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு. சீட்டு இல்லாமல் போனால் கிடையாது. அருள்தாஸ் வாத்தியார், பட்டியலில் பேர் இல்லாதவர்களுக்குச் சீட்டு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். செல்லம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னிடம் பேசவில்லை. ராகேலிடம் சொன்னாள். "நான் எங்க வேணா கும்புட்டுக்கறேன். தாவீது பக்கத்துல என்னைப் பொதைக்க மாட்டேன்னா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன். சொல்லி வை."

நான் அதைத் தேவசகாயம் ஐயருக்கு ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பினேன். நான்கு வரி.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அவரே வந்தார். வண்டியின் பின்னால் அதே துணி மூட்டை. "விடுகைச் சீட்டுக்குப் பேர்ப் புத்தகம் பாக்கறதில்லை. ஞானஸ்நான ரிஜிஸ்டர்தான். சட்டத்துல அப்படித்தான் இருக்குது" என்றார். "எல்லாரும் எங்க?"

"அளத்துலங்க."

"அப்ப அங்க போவோம்."

மேட்டில் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கீற்றுக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டோம். எனக்கு உப்பு மூட்டை மேல் பலகை. ரிஜிஸ்டரில் எங்கள் சபைப் பக்கங்களுக்கெல்லாம் முன்கூட்டியே காகிதம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சீட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க எழுதுங்க. நான் ரிஜிஸ்டரைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு. முழுப் பேரு. அவங்க வாயால சொல்லணும்."

ஒவ்வொருவராகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். நான் பேர் கேட்டேன். சொன்னார்கள். எழுதினேன். முப்பது வருஷமாகத் தெரிந்தவர்கள். பாதிப் பேருக்கு ஞானஸ்நானப் பேர் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தவமணியின் பேர் எலிசபெத். எனக்குத் தெரியாது. செல்லம்மா வந்து நின்றாள்.

"பேரு?"

"நல்லா கேட்டீங்க" என்றாள். அப்புறம் சொன்னாள். "செல்லம்மாள் ரூத்."

கையெழுத்துத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைக்க வேண்டும். மையில் தோய்த்து வைத்தால் ரேகை விழவில்லை. கறுப்பாக ஒரு வட்டம்தான் விழுந்தது. உப்பு தின்றுவிட்டது. ஐயர் ஒவ்வொருவரையும் மூன்று முறை வைக்கச் சொன்னார். எட்டு பத்து பேருக்குப் பிறகு, "ஒரு தடவை போதும்" என்றார். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் 'என் முன் வைத்தது' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

இடையில் ஆள் இல்லாத நேரத்தில், ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "மாசா மாசம் உங்க ஃபாரத்துல மொத்தத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாசமாவது நோட்டைக் கேட்டிருக்கணும். கேக்கலை."

"ஆமாங்க" என்றேன்.

பத்தரை மணிக்கு அளத்து வேலை முடிந்தது. கடைசியில் ராகேல் வந்தாள். அவள் அளத்து வேலைக்குப் போகிறவள் இல்லை. வீட்டிலிருந்து நடந்து வந்தாள். வருவாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் ஐயரைப் பார்த்தேன். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாயால் சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது.

"பேரு?" என்றேன்.

"ராகேல். தகப்பன் பேரு சாமுவேல்."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை ஊதினாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சோறு மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு வரப்பில் நடந்து போனாள்.

அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம், மீதியிருந்த ஏழு பேருக்கு மாதம் ஒரு முறை கோயிலைத் திறந்தேன். பேரைப் பேராகவே எழுதினேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவள் தகர ஷெட்டுக்குப் போகிறாள். நான் பெருமுக்கல் பஸ் ஏறுகிறேன். திரும்பி வந்து சேர்ந்து சாப்பிடுகிறோம். அதைப் பற்றிப் பேசுவதில்லை. கம்ப்யூட்டரில் 'வீடு' என்று இருக்கிற இடங்களைக் காலியாகவே விட்டுவிடுங்கள். அங்கே போட எனக்குப் பேர் தெரியாது.

அன்றைக்குக் கொட்டகையில் தேவசகாயம் ஐயர் ரிஜிஸ்டர்களைத் துணியில் கட்டினார். ஸ்கேலை மடித்தார். டீ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எடுக்கவில்லை.

"மொத்தம் எத்தனை சீட்டு?" என்றார்.

சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

அறுபத்து நான்கு.